சென்னையிற் கண்ட சில்வியா

சென்ற ஆண்டு நமது கல்லூரி அறிவியற் கழகத்தில் மாணவர் ஒருவர் சென்னை நகரும் வானநூலும் என்னும் பொருள்பற்றிச் சொற்பொழிவு நிகழ்த்தினார். 1861-ஆம் ஆண்டு முதல் 1885-ஆம் ஆண்டு வரையில் நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சி நிலையத்தினின்றும் ஐந்து சிறுகோள்கள் கண்டுபிடிக்கப்பட்டன என்றும், அவை ஆசியா, சாப்போ, சில்வியா, கமில்லா, வேரா என்பனவாம் என்றும், ஐந்தனையும் கண்டவர் அந்நிலையத்தின் தலைவராயிருந்த நார்மன் ராபர்ட் போக்சன் என்னும் ஆங்கிலேயர் என்றும், ஆண்டும் பெயரும் ஒன்றேனும் பிறழாது எடுத்துரைத்தார். அவையோர் மகிழ்ந்து கைகொட்டினர்; யானும் கொட்டினேன். சொற்பொழிவு முடிந்தபின் முதலாண்டு மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, அந்தச் சில்வியா என்பது என்ன? எவ்வளவு பெரிது? எதனால் ஆயது?" என்று வினவினார். சொற்பொழிவாளர் என்னைப் பார்த்தார். தலைமை வகித்திருந்த யான், "அது ஒரு பெரிய கல்" என்று விடையிறுத்து, நன்றி கூறும்படி செயலாளரை ஏவிக் கூட்டத்தை முடித்தேன்.

அவ்விடை பிழை. வினாவிய மாணவர் அதனை நம்பிச் சென்றார். அவருக்கு நேரிற் சொல்லித் திருத்தியிருக்கலாம்; ஆயினும் பிழை பலர் முன்னிலையில் நிகழ்ந்தமையால் திருத்தமும் பலர் காண நிகழ்வதே முறையென்று கருதி இம்மலரில் எழுதலானேன். அன்றியும், அக்கூட்டத்தில் வெளிப்பட்ட குறை சொற்பொழிவாளர் குறையன்று. கற்பிக்கும் எங்கள் குறை. ஒரு பொருளை முதலிற் கண்டவர் யார், கண்ட நாள் யாது என்று கற்பித்து, அவ்வளவில் அப்பொருளைக் கற்பித்துவிட்டோம் என்று அமைகின்றோம். இவ்வழக்கம் தவறென்பது என் கருத்து. சில்வியாவின் வரலாற்றையே சான்றாகக் கொண்டு அதனைச் சொல்லுவேன்.

செவ்வாயின் பாதைக்கும் வியாழனின் பாதைக்கும் இடையே சூரியனைச் சுற்றிவரும் சிறுகோள்கள் பல இலட்சம் இன்று கணக்கிலுள்ளன. அவற்றுள் முதலாவதாகிய சீரீசு 1801-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் இத்தாலியில் காணப்பட்டது. 1866-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள் சென்னையிற் போக்சன் கண்ட சில்வியா 87-ஆவது. அக்காலத்தில் இவற்றைக் காணும் வழி ஒன்றே. வானத்தின் ஒரு சிறு பகுதியிலுள்ள விண்மீன்களையெல்லாம் படமாக வரைந்து வைத்துக்கொண்டு, தொலைநோக்கியிற் காண்பதைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். படத்தில் இல்லாத புள்ளி ஒன்று தென்படுமாயின் மறுநாளிரவும் பார்த்தல் வேண்டும். அஃது இடம் பெயர்ந்திருப்பின் விண்மீனன்று. சூரியனுக்கு நேரெதிரே நிற்குங் காலத்தில் சில்வியா ஒரு நாளில் விண்மீன்களிடையே நகரும் அளவு, முழுநிலவின் அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காம். ஆகவே ஓரிரவு பொறுத்தாற் போதும். ஆனால் அவ்வோரிரவுக்கு முன்னர்ப் படம் வரைந்த இரவுகள் எத்தனையோ!

சில்வியா வெறுங் கண்ணுக்குத் தோன்றாது. கண்ணுக்குப் புலனாகும் மிக மங்கிய விண்மீனை ஆறாந்தரம் என்பர். சில்வியா நன்கு விளங்குங் காலத்தும் பதினொன்று அல்லது பன்னிரண்டாந் தரத்தளவினது. இத்தரக் கணக்கில் ஐந்து தரம் தாழ்ந்தால் ஒளி நூறில் ஒரு பங்காகக் குறையும். ஆறு தரம் தாழ்ந்தால் ஏறத்தாழ 250-இல் ஒரு பங்கு. இவ்வளவைத் திட்டமாக வகுத்தவர் யாரெனின், இதே போக்சன் என்க. சென்னைக்கு வருவதற்கு முன், ஆக்சுபோர்டிலிருந்தபொழுது, 1856-இல் அவர் அதனை வெளியிட்டார். பண்டைக் கிரேக்கர் கண்ணளவாக ஆறு வகுப்பென்று பிரித்துவைத்த விண்மீன்களின் ஒளிக்கு, ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் இடையே 2.512 மடங்கு என்று எண் கொடுத்தார். உலகெங்கும் வானநூலார் இன்றும் கையாளுவது இவ்வளவையே. அவர் கண்ட சிறுகோள்களின் பெயரை அறிந்தோர் சிலர். அவர் வகுத்த அளவையைக் கையாளாத வானநூலார் ஒருவரும் இலர். எது பெருந்தொண்டு என்பதனை மாணவர் தாமே ஆய்ந்து கொள்க. நமது கூட்டத்தில் இவ்வளவையைப் பற்றி ஒரு சொல்லும் எழவில்லை.

இனிச் சில்வியாவின் பாதையைக் காண்போம். புள்ளி ஒன்று வானத்தில் நகர்வதைச் சில பல இரவுகள் அளந்தாற் போதும், அதன் பாதை முழுவதையும் கணக்கிட்டுவிடலாம். அதற்குரிய கணக்கைச் சீரீசின் பொருட்டு 1801-இல் காசு என்னும் செருமானியர் வகுத்துவிட்டார். சில்வியா சூரியனினின்றும் சராசரி 52 கோடிக் கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. பூமியின் தொலைவை ஒன்றென்று கொண்டால் இஃது 3.48. பாதை சற்றே நீண்ட வட்டமாதலால் அணுகுங்கால் 3.2-ஐ ஒட்டியும் அகலுங்கால் 3.8-ஐ ஒட்டியும் வரும். பூமியின் பாதை கிடக்கும் தளத்துக்கு ஏறத்தாழ 11 பாகை சாய்ந்துள்ளது. ஒரு சுற்றுக்கு எத்தனை ஆண்டு? இதனை நூலிற் பார்த்து அறிய வேண்டுவதில்லை. இண்டர்மீடியட் வகுப்பில் அக்காலத்தார் கற்றதும், இக்காலத்துப் பதினோராம் வகுப்பு மாணவர் கற்பதுமான கெப்ளரின் மூன்றாம் விதியே விடை சொல்லும். 3.48-ஐ மும்முறை பெருக்கினால் 42.14, அதன் வர்க்கமூலம் 6.49. ஆறரை ஆண்டு. தாளும் கோலுமே கருவி.

இப்பாதை அமைந்த இடமும் கருதத்தக்கது. சிறுகோள்கள் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சீராகப் பரவிக் கிடப்பவையல்ல. இடையிடையே வெற்றிடங்கள் உண்டு. இதனை அமெரிக்கராகிய டேனியல் கர்க்வுட் என்பார் எடுத்துரைத்த ஆண்டும் 1866-ஏ. வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றிவரப் பன்னிரண்டு ஆண்டுக்குச் சிறிது குறைவாகும். அதற்குள் சரியாக இருமுறை சுற்றும் சிறுகோள் ஒன்று இருக்குமாயின், அது மீட்டும் மீட்டும் ஒரே இடத்தில் வியாழனால் ஈர்க்கப்படும். ஊஞ்சலை உரிய காலத்தில் மீண்டும் மீண்டும் தள்ளினால் வீச்சு பெருகுமாறு போல அதன் பாதை பிறழும். ஆதலின் 3.28 என்னும் தொலைவை ஒட்டிச் சிறுகோள்கள் மிக அரிய. பெருங்கூட்டம் அவ்வெற்றிடத்துக்கு இப்பாலே நின்றுவிடுகின்றது. சில்வியா அப்பாலுள்ளது. அங்கே கூட்டம் அடர்த்தியன்று. சிபெலே என்னும் சிறுகோளின் பெயரால் வழங்கும் சிறு குழுவினுள் சில்வியாவும் ஒன்று, உருவத்தாற் பெரியவற்றுள்ளும் ஒன்று.

பாதை தெரிந்தது, பொருள் தெரிந்ததா? தெரியவில்லை. 1866 முதல் பல்லாண்டுகள் சில்வியா வானநூலார்க்கு நகரும் ஒரு புள்ளியாகவே இருந்தது. புள்ளியின் ஒளியைக் கண்டு உருவத்தின் பருமையை மதிப்பிடலாமே எனின், அம்மதிப்பு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குச் சென்னையிலேயே சான்றுண்டு. போக்சன் 1861-இல் கண்ட ஆசியாவும், 1866-இல் கண்ட சில்வியாவும் எதிர்நிலையில் நிற்கையில் ஒளியால் பெரிதும் வேறுபடா. ஆசியா சிறிது மிகுதியாகவே ஒளிரும். ஆயினும் ஆசியாவின் குறுக்களவு 60 கிலோமீட்டரை ஒட்டியது. சில்வியாவினது சராசரி 270 கிலோமீட்டரை ஒட்டியது. ஆசியாவைப் போன்ற உருண்டைகள் தொண்ணூற்றை ஒன்றாகத் திரட்டினால்தான் ஒரு சில்வியா ஆகும்! காரணம் யாதெனின், ஆசியா நமக்கு அண்மையில் உள்ளது. மேலும், வெளிறிய கல் மேற்பரப்புடையது. சில்வியாவோ தொலைவில் உள்ளது. கரி போல இருண்டது. தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவே திருப்பி அனுப்புவது. கண்ணுக்கு ஒத்துத் தோன்றிய இரண்டும் இயல்பில் ஒவ்வாதன. கண்டவர் எத்துணைக் கூர்த்த கண்ணினராயினும் இவ்வேற்றுமையைக் கண்டிருக்க இயலாது. பிற்காலத்தில், ஒளியை மட்டுமின்றிச் சிறுகோள் வெளிவிடும் வெப்பத்தையும் அளக்கும் கருவிகள் வந்த பின்னரே, இருட்டும் பருமையும் தனித்தனியே பிரித்தறியப்பட்டன.

சில்வியா சுழல்வதும் ஒளியை அளந்தே அறியப்பட்டது. அதன் உருவம் பந்து போன்றதன்று. நீளம் ஏறத்தாழ 360 கிலோமீட்டர், அகலம் 250, தடிப்பு 190 என்று சொல்லத்தக்க ஒரு நீண்ட உருளைக்கிழங்கு. கிழங்கின் நீண்ட பக்கம் நம்மை நோக்குகையில் ஒளி மிகும். முனை நோக்குகையில் குறையும். ஒரு சுழற்சியில் இருமுறை மிகுந்து இருமுறை குறையும். இவ்வேற்றத்தாழ்வைக் கணக்கிட்டால் 5 மணி 11 நிமிடத்துக்கு ஒருமுறை சில்வியா சுழலுகின்றது என்பது புலனாகும். இவ்வளவு பெரிய பொருள் இத்துணை விரைவாகச் சுழல்வது வியப்பே.

இத்தனையும் அறிந்த பின்னரும் அம்முதலாண்டு மாணவர் வினாவுக்கு விடை கிட்டவில்லை. எதனால் ஆயது என்று அறிய எடை வேண்டும். எடையைப் பருமையால் வகுத்தால் அடர்த்தி வரும். அடர்த்தியே கல்லா, இரும்பா, பனிக்கட்டியா என்பதற்குக் குறிப்பு. விண்ணிலுள்ள பொருளை எந்தத் துலாக்கோலில் நிறுப்பது? அதனைச் சுற்றி வேறொரு பொருள் ஓடுமாயின் நிறுக்கலாம். சுற்றும் பொருள் இவ்வளவு தொலைவில் இவ்வளவு விரைவாக ஓடுகின்றது என்று தெரிந்தால், அதனை ஈர்த்துப் பிடித்திருக்கும் நடுப்பொருளின் எடை தானே வெளிப்படும். சூரியனை நிறுத்ததும், வியாழனை நிறுத்ததும் இவ்வாறே. ஆனால் ஒரு சிறுகோளுக்குத் துணைக்கோள் உண்டு என்று போக்சன் காலத்தில் கண்டார் ஒருவருமிலர்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், ஹவாய்த் தீவின் மவுனா கியா மலையுச்சியிலுள்ள கெக் தொலைநோக்கியைக் கொண்டு மைக்கேல் பிரவுன், ழான் லுக் மார்கோ என்னும் இருவர் சில்வியாவின் அருகே மங்கிய துணைப்புள்ளி ஒன்றைக் கண்டனர். இக்காட்சி எத்துணை அரிதென்பதனை ஒரு கணக்கால் உணரலாம். சில்வியாவின் நீளம் பூமியிலிருந்து பார்ப்பார்க்கு ஒரு விகலையில் ஐந்தில் ஒரு பங்கே தோன்றும். இரண்டரைச் சென்டிமீட்டர் அகலமுள்ள நாணயமொன்றை 25 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துப் பார்ப்பது போலாம். இதற்கிடையே காற்று வேறு நடுங்கிக்கொண்டேயிருக்கும். அந்நடுக்கத்தைக் கணந்தோறும் அளந்து, அதற்கு மாறாக ஆடியைக் கணந்தோறும் வளைத்துச் சரிசெய்யும் உபாயம் 20-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான் கைவந்தது. மூன்றாண்டு கழித்துச் சிலி நாட்டுப் பரனால் மலைமேலுள்ள பெருந்தொலைநோக்கியினால் பிராங்க் மார்ஷியும் அவர்தம் துணைவரும் எடுத்த படங்களில் இரண்டாவது துணைக்கோளும் வெளிப்பட்டது. 2005-இல் அதனை அறிவித்தனர். இரண்டு துணைக்கோள்களையுடைய சிறுகோள் என்று உலகம் அறிந்த முதற் பொருள் சில்வியாவே. சில்வியா என்பது உரோமரது பழங்கதையில் இரட்டையரை ஈன்ற தாயின் பெயராதலின், அவ்விரட்டையர் பெயரையே வைத்து, முன் கண்டதனை ரோமுலஸ் என்றும் பின் கண்டதனை ரீமஸ் என்றும் அழைத்தனர். பெயரிட்ட காலத்தில் போக்சனுக்கு இரட்டையர் வருவர் என்று தெரியாது. பெயர்ப் பொருத்தம் பார்ப்பவர்க்கு இதனினும் இனிய செய்தி கிடைப்பதரிது, யான் பார்ப்பதில்லை.

ரோமுலஸ் சில்வியாவினின்றும் ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர் தொலைவில் 3 நாள் 15½ மணிக்கு ஒரு சுற்றும், ரீமஸ் ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவில் 1 நாள் 9 மணிக்கு ஒரு சுற்றும் ஓடுகின்றன. தொலைவை மும்முறை பெருக்கிக் காலத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பார்ப்பவர்க்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே எண்ணைத் தரும். இரு சாட்சிகள் தனித்தனியே வந்து ஒன்றுபடச் சொல்லியது போலாயிற்று. அவ்வெண்ணினின்றும் வரும் எடை, 1 இலட்சத்து 40 ஆயிரம் கோடி கோடிக் கிலோவுக்குச் சிறிது மேல். எண்ணின் நீளம் கண்டு மயங்க வேண்டா. இது நமது சந்திரனின் எடையில் ஐயாயிரத்தில் ஒரு பங்களவே. அங்கே ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறினும், பொதுவாகப் பூமியின் ஈர்ப்பில் இருநூற்றில் ஒரு பங்கு எனலாம். நமது உடற்பயிற்சி ஆசிரியரால் இருபது புத்தகம் சுமந்து ஓடும்படி பணிக்கப்படும் மாணவர் எவரேனும் அங்கே சென்றால் பெரிதும் ஆறுதலடைவர்.

இவ்வெடையைப் பருமையால் வகுத்தோமாயின் அடர்த்தி தண்ணீரைப் போல் 1.4 மடங்கே வருகின்றது. யான் கூட்டத்திற் சொன்ன விடையைப் பொய்யாக்கியது இந்தச் சிறிய எண். கல்லின் அடர்த்தி தண்ணீரைப்போல் இரண்டரை மடங்கு முதல் மூன்றரை மடங்கு வரை. கருங்கல்லில் வெட்டிய சில்வியா இதைப் போல் இருமடங்கு எடையேனும் இருத்தல் வேண்டும். ஆகையால் அது முழுக்கல் அன்று. ஒன்று, உள்ளே வெற்றிடங்கள் மிக்க குவியலாயிருத்தல் வேண்டும். அல்லது பனிக்கட்டி போன்ற இலேசான பொருள் பெருகிக் கலந்திருத்தல் வேண்டும். அல்லது இரண்டுமாயிருத்தல் வேண்டும். பெருமோதல் ஒன்றிற் சிதறுண்ட துண்டங்கள் மீண்டும் திரண்டு உருவாயதே சில்வியா என்றும், அச்சிதறலில் மிஞ்சியவையே துணைக்கோள்கள் என்றும் அறிஞர் பலர் கருதுகின்றனர். பாதையில் ஒத்த சிறு துண்டங்களின் குடும்பம் ஒன்று அருகே காணப்படுவதும் இதற்கு இயைபாகும். 2021-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று இன்னும் ஒரு படி மேலே சென்றது. துணைக்கோள்களின் பாதை, சில்வியாவின் கிழங்குருவத்தை எண்ணினால் எதிர்பார்க்கத்தக்க அளவு அலையவில்லை. ஆதலின் எடை உள்ளே ஒரேசீராகப் பரவியிராமல் நடுவில் செறிந்து வெளியில் நெகிழ்ந்திருத்தல் வேண்டும் என்பது அதன் முடிபு. வெறுங் குவியலுக்கு இது முழுதும் பொருந்தாது. ஆராய்ச்சி இன்னும் முடிந்தபாடில்லை. முதலாண்டு மாணவர்க்கு யான் இப்பொழுது சொல்லத்தக்கது: தம்பி, அது கரி போற் கறுத்த, உள்ளே செறிவும் வெளியே நெகிழ்ச்சியுமுடையது என்று கருதப்படுகின்ற, தண்ணீரினும் சற்றே கனத்த ஒரு பெரும் பொருள், கல் என்று சொன்னது என் சோம்பல்.

இப்பொழுது ஒரு வினாவை உங்கள்முன் வைக்கின்றேன். சில்வியாவைக் கண்டவர் யார்? 1866-இல் புள்ளியைக் கண்ட போக்சனா? 2001-லும் 2004-லும் துணைக்கோள்களைக் கண்டவர்களா? பல்லாண்டு ஒளியை அளந்து சுழற்சியைக் கணித்தவர்களா? 2013-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் சில்வியா விண்மீன் ஒன்றை மறைத்தபொழுது, தென் ஐரோப்பாவெங்கும் தத்தம் சிறு தொலைநோக்கிகளோடு நின்று, மறைந்த கணமும் மீண்ட கணமும் குறித்தனுப்பினர் பலர். அவருட் சிலர் குறித்தது ரோமுலஸ் மறைத்த கணத்தை. அக்குறிப்புகளினின்றே அச்சிறு துணைக்கோளின் அளவும் வெளிவந்தது. அவர்களுட் பெரும்பாலோர் வானநூலைத் தொழிலாகக் கொள்ளாத பொழுதுபோக்கினர். அவர்களும் சில்வியாவைக் கண்டவர்கள்தாம் என்பேன்.

இவ்வாறு சொல்லுங்கால், எங்கள் ஆசிரியர் அறையில் வரலாற்றுத் துறை நண்பர் ஒருவர் எதிர்வாதம் செய்தார். "உமது எண்களெல்லாம் சரி. ஆயினும் இளைஞர்க்கு ஊக்கம் அளிப்பது எண்ணன்று; நம் ஊரில், நாம் நாளும் நடக்கும் தெருவின் அருகே, உலகம் அறியாத ஒன்று அறியப்பட்டது என்னும் பெருமிதமே. அதனை ஏன் குறைக்கின்றீர்?" என்றார். அவர் சொல்வதில் உண்மையுண்டு. நுங்கம்பாக்கத்து வானிலை ஆய்வு மையத்து வளாகத்தில் நிற்கும் 1792-ஆம் ஆண்டின் கருங்கல் தூணை முதன்முதற் பார்த்த அன்று எனக்கும் மயிர் சிலிர்த்தது. ஆனால் அப்பெருமிதம் எதன்மேல் நிற்கின்றது என்பதைப் பார்த்தல் வேண்டும். போக்சன் 1868-இல் சென்னையிற் கண்ட கமில்லாவுக்கும் 2001-இல் ஒரு துணைக்கோளும் 2016-இல் மற்றொன்றும் காணப்பட்டன. சென்னையிற் கண்ட ஐந்தில் இரண்டு, இரட்டைத் துணையுடையன! மேடையிற் சொன்னால் கைதட்டல் பெருகும். எனினும் இதிற் சென்னைக்கு என்ன பங்கு? நல்வாய்ப்பைத் தவிர ஒன்றுமில்லை. அந்நிலையத்தின் உண்மைப் பெருமை வேறிடத்திலுள்ளது. இரவுதோறும் விண்மீன்களின் இடத்தை அளந்து ஏட்டில் ஏற்றிய உழைப்பில் உள்ளது. அவ்வுழைப்பிற் பங்குகொண்டவருள் சிந்தாமணி ரகுநாதாசாரியர் என்னும் நம் நாட்டவர் ஒருவர் இருந்தார். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றை அவர் கண்டறிந்தார். 1872-இல் இங்கிலாந்தின் அரச வானநூற் கழகத்தின் உறுப்பினராக ஏற்கப்பட்டார். 1874-இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடக்கும் நிகழ்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்க நூல் எழுதினார். நமது சொற்பொழிவில் இவர் பெயர் வரவில்லை. கோள் ஒன்றும் கண்டிலராதலின் வரவில்லை. முதற் காட்சியையே அறிவென்று எண்ணும் வழக்கத்தால் விளையும் அநீதி இது. போக்சனுடைய மகளார் ஐசிசு என்பவரும் 1873 முதல் அந்நிலையத்திற் கணக்கராய் உழைத்தவர்; அவரும் விடுபட்டார்.

நண்பர் இதற்கு உடன்பட்டார் என்று சொல்லமாட்டேன். "பெயர்ப்பட்டியலில் இரண்டு பெயரைச் சேர்த்துவிட்டீர், பட்டியல் பட்டியலாகவே இருக்கின்றது" என்று நகைத்தார். அந்நகைப்பு என்னை உறுத்தியது. ஆகவே பட்டியலுக்கு வெளியே நமது கல்லூரி செய்யத்தக்கது ஒன்றை எழுதி முடிக்கின்றேன்.

நமது இயற்பியற் பகுதியில் எட்டங்குல ஆடியையுடைய தொலைநோக்கி ஒன்று உறையிட்டபடி இருக்கின்றது. ஆண்டுக்கொருமுறை சனியின் வளையத்தைக் காட்ட வெளியே வரும். மறுநாள் உள்ளே போகும். பதினொன்று, பன்னிரண்டாந் தரத்துப் புள்ளியை அதன்வழி நிழற்படமெடுப்பது, தக்க ஒளிப்படக் கருவி ஒன்றைப் பொருத்தினால், இன்று எளிது. சில்வியா ஏறத்தாழ பதினான்கு மாதத்துக்கு ஒருமுறை எதிர்நிலைக்கு வருகின்றது. அவ்விரவில் ஐந்தேகால் மணி நேரம் இடைவிடாமல் சில நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து, அருகிலுள்ள மாறாத விண்மீன்களோடு ஒளியை ஒப்பிட்டு வரைவுத்தாளிற் குறித்தால், கோடு இருமுறை ஏறி இருமுறை இறங்கும். அக்கோட்டை வரைந்த மாணவர் சில்வியா சுழல்வதைத் தாமே கண்டவராவர். ஒப்பிடும்போது அவர் கையாளுவது போக்சனின் 2.512 ஆகும்.

அறிந்த எண்ணை மீண்டும் அளப்பானேன் என்று வினவலாம். வேதியியற் கூடத்தில் அமிலத்தின் செறிவை நாம் ஆண்டுதோறும் அளந்துதான் வருகின்றோம். விடை ஆசிரியர் குறிப்பேட்டில் முன்னமே இருக்கின்றது. அன்றியும், சில்வியாவின் ஒளிக்கோடு எல்லா ஆண்டும் ஒன்றுபோல் இராது. நாம் பார்க்கும் கோணம் மாறமாற ஏற்றமும் இறக்கமும் மாறும். பல ஆண்டுக் கோடுகளைச் சேர்த்துத்தான் சுழலச்சின் சாய்வும் உருவமும் கணிக்கப்பட்டன. நம்முடைய கோடு திருத்தமாயிருப்பின் அது வேண்டுவோர்க்கு அனுப்பத்தக்கது. திருத்தமில்லையாயின் ஏன் இல்லை என்று ஆராய்ந்து அடுத்த பதினான்கு மாதம் காத்திருக்கலாம்.

இடையூறு இல்லாமலில்லை. எதிர்நிலை ஐப்பசி கார்த்திகையில் நேருமாயின் மழை மேகம் வானத்தை மூடிவிடும். அவ்வாண்டு கைவிட வேண்டியதுதான். நகரத்து விளக்கொளி வேறு வானத்தை வெளுக்கச் செய்கின்றது. நூலகத்து மேல்மாடியின் தென்கிழக்கு மூலை விளக்கின்றி ஓரளவு இருண்டிருப்பதைச் சென்ற மாசியில் பார்த்து வந்தேன். இரவு பத்து மணிக்கு மேல் மாடிக்கதவைத் திறந்து வைக்க விடுதிக் கண்காணிப்பாளர் இசைய வேண்டும். அவரிடம் எழுத்து மூலம் கேட்டிருக்கின்றேன். மூன்று மாணவர் பெயர் கொடுத்திருக்கின்றனர். முதலாவது பெயர், அன்று கூட்டத்தில் வினா எழுப்பிய மாணவருடையது.